நைனா ஓய்வு கொடுக்கும் சோலார்

டிராமுக்குக் காத்து நிற்கும் காலை வேளையில் எனக்குச் சூரியன் தெரிவது கைப்பேசியில்தான். ஜெர்மனியில், இந்த லைப்சிக்கில் பிப்ரவரி மாதம் விடிவதும் விடியாததும் ஒன்றுதான். வந்து ஆறு வருடமாகியும் பழகவில்லை. பக்கத்தில் நிற்பவர்கள் மழை வருமா என்று பார்க்கிறார்கள். நான் ஆந்திராவில் கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில் எவ்வளவு வெயில் என்று பார்க்கிறேன். அங்கே உள்ள சோலார் பேனல் தயாரிக்கும் மின்சாரத்தை ஆப் ஒரு பச்சைக் கோடாகக் காட்டும். விடிந்ததிலிருந்து ஏறிக்கொண்டே வருகிற அந்தக் கோடு, ஊரில் சரியாக உச்சி வேளையில், இங்கே காலை ஏழரைக்கு, பொத்தென்று பூஜ்யத்தில் விழும். இரண்டு மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல மறுபடி எழுந்து நிற்கும்.

அந்த சோலாரை நான் போட்டதே நைனாவின், என் அப்பாவின், நுரையீரலுக்காக. உச்சி வெயிலில் குளிர்ந்த அறையில் இருக்க வேண்டும், மாடிப்படி ஏறவே கூடாது என்று திருப்பதி டாக்டர் சொல்லியிருந்தார். ஏசி மாட்டிக் கொடுத்தேன்; பில் ஏறும் என்று அவர் போடவில்லை. வெயில் காசா கேட்கும் என்று சோலார் போட்டேன். இப்போது வெயில் நிறைய இருக்கும்போது கோடு விழுகிறது. புத்தூரிலிருந்து டெக்னீஷியனை அனுப்பினேன். "சார், பேனல் பாகுந்தி, இன்வெர்ட்டர் பாகுந்தி" என்று தெலுங்கில் ஆரம்பித்தவர், எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு தயங்கி, "உங்க நைனாதான் ஸ்விட்ச் ஆஃப் பண்றாரு சார்" என்றார். வேண்டுமானால் நானே நிறுத்தவும் போடவும் ஆப்பில் ஒரு பொத்தானைத் திறந்துவிட்டார். ஆனால் நைனா மாடி ஸ்விட்சையே அணைத்துவிட்டால், இங்கிருந்து என்ன அழுத்தினாலும் ஓடாது.

போன் செய்தேன். "காலைலேர்ந்து ஓடிக்கினு கீதேடா, அதுக்கு ரெஸ்ட்டு வேணாவா?"

"நைனா, அது போர் மோட்டார் இல்ல. சூடானா அதுவே கொறைச்சிக்கும்."

"நீ குளிர்ல குந்திக்கினு சொல்ற. இங்க வந்து கைய வெச்சிப் பாரு, தெரியும்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் பள்ளியில் படித்த ஒரு கோடையில், ஓய்வில்லாமல் ஓடி எங்கள் மாந்தோப்பு மோட்டார் எரிந்துபோனது. புத்தூரில் அதன் கம்பிச்சுருளை மாற்றிக் கட்டி வருவதற்குள் இளங்கன்றுகள் பாதி கருகிவிட்டன. அன்றிலிருந்து உச்சியில் மோட்டாருக்கு ஓய்வு என்பது எங்கள் வீட்டில் சட்டம். அந்தச் சட்டத்துக்காக இந்த மனிதர் நெருப்பாய்க் கொதிக்கும் வெயிலில் தினமும் இரண்டு தடவை மாடி ஏறுகிறார். எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை. எனக்கு ஆத்திரம், அழுகை, எல்லாம் வந்தது.

என் மேல்வீட்டுக்காரர் வெபர் பால்கனியில் ஒரு பேனல் மாட்டியிருக்கிறார். ஒருநாள் டிராமில் என் கைப்பேசியில் விழுந்து கிடந்த பச்சைக் கோட்டைப் பார்த்து, பழுதா என்று கேட்டார். அப்பா மதியம் இயந்திரத்துக்கு ஓய்வு கொடுக்கிறார் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவர் மரியாதையோடு தலையசைத்தார். இங்கே மதிய நேரம் சத்தம் போடக் கூடாது என்றொரு வழக்கம் உண்டு. அக்கம்பக்கத்துத் தூக்கம் கெடாமலிருக்க நைனா அதை நிறுத்துகிறார் என்று நினைத்துவிட்டார்! சத்தமே வராத இன்வெர்ட்டர் ஒன்றின் பெயரைக்கூட எழுதிக் கொடுத்தார். நான் நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

போன வாரம் கோடு விழவில்லை. உச்சி தாண்டியும் நிமிர்ந்து நின்றது. இதற்காகத்தான் ஒரு வருடமாக மல்லுக்கட்டினேன். இன்றைய உற்பத்தி அருமை என்று ஆப் பாராட்டியது. நான் உடனே வீட்டுக்குப் போன் செய்தேன்.

போனை அம்மா எடுத்தாள். "மாடிப்படி ஏற முடியலப்பா, நடுவுலயே குந்திட்டாரு. மூச்சு வாங்குது. திருப்பதிக்குப் போக காரு வந்து நிக்குது. மிஷின நிறுத்தாம வரமாட்டேன்னு அடம் புடிச்சிக்கினு கீறாரு."

நைனா போனை வாங்கினார். "டேய், அங்கேர்ந்து பாக்கறியே... நிறுத்த முடியுமா?"

"முடியும் நைனா."

அழுத்தினேன். பச்சைக் கோடு விழுந்தது.

"நின்னுடிச்சா?"

"நின்னுடிச்சி. நீ கார்ல ஏறு."

"ரெண்டு மணிக்கு மறக்காம போடு."

இன்னும் திருப்பதி ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். அம்மாவும் அங்கேயே. எனக்கு லீவு கிடைக்க அடுத்த மாதம் ஆகும். ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது. மின்விசிறி போடக்கூட ஆளில்லை. இருந்தாலும் தினமும் டிராமில் நின்றபடி அந்த இயந்திரத்தை நிறுத்துகிறேன். ஆபீசில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது மேஜைக்கு அடியில் கையை வைத்துத் திரும்பப் போடுகிறேன். வேறு எதுவும் என்னால் ஆகவில்லை. மாலையில் அம்மா போனை அவர் காதில் வைக்கிறாள். சாப்பிட்டாயா என்றுகூட அவர் கேட்பதில்லை. இருமலுக்கு நடுவே ஒன்றைத்தான் கேட்கிறார்.

"மத்தியானம் நிறுத்துனியா?"