அரைக் குளிசையும் ஆறாம் பக்கமும்

காலை ஆறு மணி பத்து நிமிடம். பேப்பரை விரித்ததும் முதலில் கண்ணில் பட்டது ஆறாம் பக்கத்தின் இடது மூலையில் இருந்த மரண அறிவித்தல். நெல்லியடியில் இறந்துபோன, ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவருடையது. அதில் அவருடைய மாமனாரின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்தது. மாமியாரின் பெயருக்கு முன்னாலும் இருந்தது. முந்தைய நாள் பின்னேரம் அந்தப் பக்கத்தை வாசித்துச் சரி என்று கையெழுத்து வைத்தவள் நான். மாமியார் உண்மையில் இறந்தவரா என்பது எனக்கு நினைவில்லை. அந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேனா என்பதும் நினைவில்லை.

தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு என் கைகளைப் பார்த்தேன். நடுங்கவில்லை.

இருபத்திரண்டு வருடங்களாக அந்தப் பத்திரிகையில் ஒப்புநோக்குநராக இருக்கிறேன். எங்கள் ஊரில் பலர் பேப்பரில் முதலில் பார்ப்பது மரண அறிவித்தலைத்தான். அதில் இறந்தவரின் பெயர் ஒன்று, உறவுகளின் பெயர்கள் முப்பது. கனடா மகன், லண்டன் மருமகள், சண்டிலிப்பாய்ச் சகோதரி. அந்த முப்பதில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று பிரித்துச் சொல்ல ஒரு சொல்தான் உண்டு. ஆகவே அறிவித்தல் தந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து முழுவதையும் வாசித்துக் காட்டுவேன். 'காலஞ்சென்ற' வரும் இடமெல்லாம் நிறுத்தி, "அவர் இல்லைத்தானே?" என்று கேட்பேன். தட்டச்சு முடிந்ததும் ஒருதரம், பக்கம் கட்டியதும் ஒருதரம், அச்சுக்குப் போகமுன் ஒருதரம். வீட்டுக்காரர்கள் எரிந்து விழுவார்கள். "அக்கா சித்திரபுத்திரன்ரை சாவுக் கணக்குக் கொப்பியையே திருத்தக்கூடிய ஆள்" என்று அலுவலகத்தில் பகிடி பண்ணுவார்கள். பிழை போய்விடும் என்ற பயம்தான் என்னைக் கேட்க வைத்தது.

அந்தப் பயம் கடந்த மார்கழியில் மேசையை விட்டு எழும்பி வெளியே வந்தது. மானிப்பாயில் பஸ் நின்றபோது நெஞ்சு அடித்தது, விரல்கள் விறைத்தன, சாகப்போகிறேன் என்று நினைத்து இறங்கிவிட்டேன். அடுத்த கிழமையும் அப்படியே. மூன்றாம் முறைக்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. இருதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு மனநலக் கிளினிக். அங்கே இரண்டு வகைக் குளிசைகள் தந்தார்கள். ஒன்று மெல்ல மெல்ல வேலை செய்யும் மாத்திரை. மற்றது, அதுவரை தாங்குவதற்கு, காலையும் மாலையும் ஒவ்வொன்று. ஏழு நாள் முடிந்து கிழமை திரும்பமுன் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கிளினிக் வாங்கில் காத்திருக்கும்போது எல்லோரும் தங்கள் தங்கள் குளிசையைப் பற்றித்தான் கதைப்பார்கள். குருநகரிலிருந்து வரும் ஒரு பெண் எப்போதும் என் பக்கத்தில் இருப்பாள். "எனக்கு வாய் காயுது அக்கா, கருவாடு மாதிரி. உங்களுக்கு?"

"கொட்டாவி. பல்லு விளக்கேக்கையும் வருது."

"கால் பஞ்சிலை வைக்கிற மாதிரி இல்லையோ?"

"இருக்கு. அண்ணை என்ரை ஸ்கூட்டித் திறப்பை எடுத்து ஒளிச்சு வைச்சிட்டார்."

இவற்றையெல்லாம் டொக்டரும் முன்கூட்டியே சொல்லியிருந்தார். யாரும் சொல்லாதது ஒன்று இருந்தது. குழாயைப் பூட்டினேனா என்று தெரியாமல் நிற்பேன். தெரியாதது எனக்குக் கவலையாகவும் இருக்காது. எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றும்.

அன்று காலை அந்தத் தோன்றல் இல்லை. ஆனால் உடம்பு பதறவும் இல்லை. பயம் எங்கோ பக்கத்து வீட்டில் நடக்கும் சண்டை போலக் கேட்டுக்கொண்டிருந்தது. ஏழு நாற்பதுக்கு அலுவலகத்தில், அந்த வீட்டார் எழுதித் தந்த பிரதியைத் தேடி எடுத்தேன். நீலப் பேனை, தெளிவான எழுத்து. 'காலஞ்சென்ற' மாமனாருக்கு மட்டும். தட்டச்சு செய்தவர் முந்தைய கிழமை வந்த ஓர் அறிவித்தலின் மேலேயே பெயர்களை மாற்றி அடித்திருக்கிறார். அதை நான் வாசித்திருக்கிறேன். வீட்டின் தொலைபேசி இலக்கத்துக்குப் பக்கத்தில் நான் வழமையாகப் போடும் மூன்று சரி அடையாளங்களில் ஒன்றுகூட இல்லை.

செய்தி ஆசிரியர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பிரதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அக்கா, வெளிக்கிடுங்கோ. நேரை போய்ச் சொல்லுவம்."

நெல்லியடிச் செத்தவீட்டுப் பந்தலுக்குள் நாங்கள் போனபோது ஒன்பதரை. பிரேதம் உள்ளே இருந்தது. வாசலோரம், கதிரையில், வெள்ளைச் சேலையில் ஒரு மூதாட்டி கைத்தொலைபேசியைக் காதில் அழுத்திப் பிடித்துச் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்.

"ஓம் மோனை, நான்தான் கதைக்கிறன். இல்லையடா, நான் சாகேல்லை. செத்தது உன்ரை அத்தான். அழாதை. பேப்பரிலை போட்டாப்போலை செத்துப்போறதோ?"

வெளிநாட்டிலிருந்து மகன். விடிந்ததிலிருந்து அது ஐந்தாவது அழைப்பு என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார், இறந்தவரின் தம்பி. "நாளைக்கு எங்களையும் சேத்துப் போட்டுடாதையுங்கோ" என்றும் சொன்னார்.

செய்தி ஆசிரியர் குனிந்து மன்னிப்புக் கேட்டார். மூதாட்டி அவரை விட்டு என்னைப் பார்த்தார்.

"நீயோ பிள்ளை என்னை அனுப்பி வைச்சது?"

"ஓம் அம்மா. பிழை என்னிலைதான்."

"வாற சனமெல்லாம் என்னைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் உள்ளுக்குப் போகுது. மருமோன்ரை சாவைக்கூட ஒழுங்கா அழ விடேல்லை நீ."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கொட்டாவி வந்தது. பல்லைக் கடித்தேன், நிற்கவில்லை. அழுதுகொண்டிருந்த அத்தனை பேருக்கும் முன்னால் வாய் முழுதாகத் திறந்து மூடியது. கண்ணில் நீர் வந்தது. அது கொட்டாவியின் நீர்.

"நித்திரை கொள்ளேல்லையோ?" என்றார் மூதாட்டி.

"குளிசை, அம்மா."

"என்னத்துக்கு?"

"பயத்துக்கு."

"இப்ப பயமில்லையோ?"

"இல்லை."

மூதாட்டி கைத்தொலைபேசியை மடியில் வைத்தார். "எனக்கெண்டால் உன்னைப் பாக்கத்தான் பயமாக் கிடக்கு" என்றார்.

திரும்பும் வழியில் செய்தி ஆசிரியர் சொன்னார்: "கொஞ்ச நாளைக்கு விளையாட்டுப் பக்கத்தைப் பாருங்கோ அக்கா. அதிலை ஆரும் சாகிறேல்லை." சிரிப்பதற்காகத்தான் சொன்னார். குளிசை இல்லாவிட்டால் பஸ் ஏற முடியாது. குளிசை போட்டால் ஆறாம் பக்கத்தை என்னிடம் நம்பித் தர முடியாது. எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

மறுநாள் நாலாம் பக்கத்தில் திருத்தம் வந்தது. அன்று காலை குளிசை உறைகளை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் வெளிச்சம் கண்ணில் குத்தியது. அண்ணி தேங்காய் துருவும் சத்தம் பல்லுக்குள் கேட்டது. மூன்றாம் நாள் சட்டை நனைய வியர்த்து, பென்சில் பிடிக்க முடியாமல் கை ஆடியது. பழைய பயம் திரும்பி வந்தது, இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு. அண்ணை என்னைத் தன் மோட்டார் சைக்கிளில் கிளினிக்குக் கொண்டுபோனார்.

"ஆரைக் கேட்டு நிப்பாட்டினீங்கள்?" என்றார் டொக்டர். திடீரென்று விட்டால் வலிப்புக்கூட வரலாம், படிப்படியாகத்தான் இறங்க வேண்டும் என்று விளங்கப்படுத்தினார். நான் நெல்லியடியில் நடந்ததைச் சொன்னேன். ஒரு செய்தியைச் சொல்வதுபோல, நேர ஒழுங்கில்.

"டொக்டர், எனக்குப் பயம் கொஞ்சம் வேணும்."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எவ்வளவு?"

"பஸ்ஸிலை ஏறவும் வேணும். வீட்டுக்காரருக்கு மூண்டுதரம் போன் எடுக்கவும் வேணும்."

அவர் சிரிக்கவில்லை. கிளினிக் கொப்பியில் கோடு போட்டு ஒரு அட்டவணை வரைந்தார். மாலைக் குளிசை முதலில் பாதியாகும், பிறகு நிற்கும். அதன் பிறகு காலைக் குளிசை பாதியாகி, அந்த அரையிலேயே தொடரும். ஒவ்வொரு படிக்கும் இரண்டு கிழமை. எட்டுக் கிழமை விளையாட்டுப் பக்கத்தில் கிரிக்கெட் ஓட்டங்களைக் கூட்டிச் சரிபார்த்தேன்.

ஒன்பதாவது கிழமை, திங்கட்கிழமை, ஒப்புநோக்க ஆளில்லாததால் செய்தி ஆசிரியர் ஆறாம் பக்கத்தை என் மேசையில் வைத்தார். போகாமல் பக்கத்திலேயே நின்றார். அன்று ஓர் அறிவித்தல்தான். தொலைபேசியை எடுத்தேன்.

"அக்கா, இதோடை மூண்டாந்தரம்" என்றார் இறந்தவரின் மகன்.

"ஓம் தம்பி. உங்கடை அம்மா இருக்கிறாதானே?"

"முன்னுக்குத்தான் இருக்கிறா. குடுக்கட்டோ?"

"குடுங்கோ."

பின்னேரம் நாலு மணி இருபது நிமிடத்துக்கு அந்த ஆறாம் பக்கத்தில் கையெழுத்து வைத்தேன். கை கொஞ்சம் நடுங்கியது.