தர்கா ஜன்னலில் அம்மா போட்ட முடிச்சு

செவிலிமேட்டுப் பக்கம் ஒரு சின்ன தர்கா இருக்கிறது. அங்கே அடங்கியிருக்கும் அவுலியா எங்கிருந்தோ நடந்து வந்தவராம். பாலாற்றங்கரையில் தனியாகவே இருந்து, தனியாகவே போய்ச் சேர்ந்தாராம். தேடி வந்தவர்களிடம் சாப்பிட்டாயா என்று மட்டும்தான் கேட்பாராம். என்ன குறை என்று ஒருநாளும் கேட்டதில்லையாம். அதனால் இன்றும் அங்கே ஒருவர் வேண்டுதலை இன்னொருவர் கேட்பதில்லை. ஜன்னல் கம்பியில் நூலைக் கட்டிவிட்டுப் போவார்கள். நினைத்தது நடந்தால் வந்து அவிழ்ப்பார்கள்.

நான் மூன்றாவது படிக்கும்போது அப்பா வீட்டைவிட்டுப் போய்விட்டார். தறியில் அம்மா மட்டும் உட்கார்ந்தாள். வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம் நின்றது. அம்மாவின் வளையல்கள் உடையாமல் இருந்தன. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. பள்ளியிலும் நான் யாரோடும் பேசாதவள். அப்பா தோளில் உட்கார்ந்து கருட சேவை பார்த்ததே நினைவில் வந்துகொண்டிருந்தது.

ஒரு வியாழக்கிழமை அம்மா என்னைத் தர்காவுக்குக் கூட்டிப்போய்ப் பட்டு இழை ஒன்றைக் கட்டினாள். மற்றவர்கள் தளர்வாகச் சுருக்குப் போடுவார்கள். அம்மாவோ தறியில் பாவு நூல் அறுந்தால் போடும் முடிச்சைப் போட்டாள். அது லேசில் அவிழாது. தறிப் பழக்கத்தில் தவறிப் போட்டுவிட்டாள் என்று நினைத்தேன். இது அவிழாவிட்டால் அப்பா எப்படி வருவார்?

பள்ளி விட்டதும் தனியாகப் போய் நகத்தால் நெருடிப் பார்ப்பேன். தர்காவைப் பார்த்துக்கொள்ளும் பாய், "இன்னாமா, தெனமும் வந்துக்கினு இருக்கற, சாப்ட்டியா?" என்பார். கொஞ்சம் சர்க்கரை தருவார். அதற்குமேல் எதுவும் கேட்கமாட்டார். ஐந்தாம் நாள் முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். அம்மா எழுந்திருக்கவில்லை. தறிச் சத்தம் மட்டும் நின்றது.

அடுத்த வியாழக்கிழமை மறுபடியும் தர்காவுக்குப் போனோம். அம்மாவின் ஒரு கையில் வளையல் இல்லை. கம்பி கம்பியாகத் தேடினாள்.

"நான்தாம்மா அவுத்துட்டேன்" என்றேன் பெருமையாக.

"எதுக்குடி?"

"அப்பா வரணும்னுதான கட்டின?"

வாசலோரம் உட்கார்ந்திருந்த பாய் எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா என்னையே பார்த்தாள். முந்தானை ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவினாள். குதிகாலை உயர்த்தி, மேல் கம்பியில், அதே முடிச்சை இரண்டு தடவை போட்டாள்.

அம்மாவுக்கு இன்னும் கட்டத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். இந்தத் தடவை என் கைக்கு எட்டாத உயரம் வேறு.