லுவான் அனுப்பிய கரடி

தங்கை லுவான் வாழ்க்கையில் வென்றவற்றைக் கிம்ஹா ஒரே மூச்சில் சொல்லி முடிப்பாள். யாரும் கேட்க வேண்டும் என்பதில்லை. தைபேய்க்குத் தெற்கே இருக்கும் ஹுவெய் ஊர்க் கடைத்தெருவில் அவள் நடத்தும் காலைச் சாப்பாட்டுக் கடைக்கு வந்து, போனில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு முட்டை அடைக்குக் காத்திருப்பவர்களிடமும் சொல்வாள்.

மூன்று வயதில் காய்ச்சல் கண்டு, இனித் தேறாது என்று பாயில் சுற்றிக் கதவோரம் கிடத்திய பிள்ளை. விடிந்ததும் கஞ்சி கேட்டு அழுதது. ஏழு வயதில், துண்டு நெய்யும் ஆலை முதலாளி வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போனவள், வளர்ந்ததும் அதே ஆலையில் தறி ஓட்டினாள். முப்பத்தொரு வயதில் லாரி மோதிப் புருஷன் போனான். இன்னொருத்தனுக்குக் கட்டிவைக்கப் பார்த்த மாமியார் வீட்டிலிருந்து ஆறு வயதுப் பையனோடு வெளியேறினாள். மோட்டார் சைக்கிள் உரிமத் தேர்வில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினாள். ஆலையை மூடிவிட்டு, தரவேண்டியதைத் தராமல் ஒளிந்துகொண்ட முதலாளியின் வாசலில் மழையில் உட்கார்ந்து தனக்கும் மற்றப் பெண்களுக்கும் வாங்கிக் கொடுத்தாள். பையனை எஞ்சினியராக்கினாள். தன் பெயரில் ஒரு வீடு வாங்கினாள்.

"இதுல ஒண்ணுகூட எவனும் தூக்கிக் கொடுத்ததில்ல. சோயாப் பாலுக்குச் சர்க்கரை போடவா வேண்டாமா, அதைச் சொல்லு மொதல்ல" என்று கிம்ஹா முடிப்பாள். போனிலிருந்து தலை நிமிராமலே "பாதி" என்பார்கள்.

அவள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. லுவானுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களுடைய அப்பா, பெண்பிள்ளைகளில் ஒன்று பள்ளிக்கூடம் போனால் போதும் என்றார். மூத்தவள் போனாள், ஆறாவதுவரை. இளையவளின் குறை மூத்தவள் ஒருத்திக்கு மட்டுமே தெரியும். அந்த ஊரில் அதை மறைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. பெயர் செதுக்கிய முத்திரை ஒன்று கைப்பையில் இருந்தால் வங்கி, தபாலாபீஸ், வீட்டுப் பத்திரம் எல்லாம் நடந்துவிடும். மகன் யுன்செங் தினமும் நீட்டும் பள்ளி நோட்டிலும் அவள் முத்திரையைத்தான் குத்தினாள். குத்துமுன் பக்கத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, புருவத்தைச் சுருக்கி, நிதானமாகப் பார்ப்பாள்.

"படிச்சியாம்மா?"

"படிச்சேன், படிச்சேன். கோழி கிண்டுன மாதிரி இருக்கு எழுத்து."

எந்தப் பையனுக்கும் பொருந்துகிற திட்டு அது. யுன்செங் வளர்ந்து, சிஞ்சு நகரத்தில் பெரிய சம்பளத்தில் சேர்ந்து, வாத்தியார் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, ஒரு மகளுக்கு அப்பாவும் ஆகிவிட்டான். தன் தாய்க்கு எழுத்து தெரியாது என்று மட்டும் அவனுக்குத் தெரியாது.

தொடுதிரைப் போனை வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். புதுசில் லுவான் நாளுக்கு மூன்று தடவை கூப்பிட்டாள்.

"அம்மா, இப்ப யாரும் போன் பண்றதில்லம்மா" என்றான். "திடீர்னு மணி அடிச்சா யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னு திக்குங்குது. எழுதிப் போடு. நேரம் கெடைக்கறப்ப பாத்துக்கறேன்."

"வாயால பேசி அனுப்பறேனே, அதுல ஒரு பட்டன் இருக்கு."

"ஆபீஸ்ல அத்தனை பேர் நடுவுல அதை ஓடவிட்டுக் கேக்கணுமா? நான் தொறக்கறதே இல்ல. எழுது. இன்னொண்ணு, நீ பாத்துட்டேன்னு எனக்குக் குறி வந்துடும். பாத்துட்டு பதில் போடாம இருந்தா என்னமோ மாதிரி இருக்கும்மா. எதையாவது போடு."

எதையாவது போடத் தெரிந்துகொண்டாள். போனில் குட்டிக் குட்டிப் பொம்மைப் படங்கள் இருந்தன. கும்பிடும் முயல், தூங்கும் பூனை, ஆடும் கரடி. அவன் ஒரு வரி அனுப்பினால் அந்த நிமிஷமே முயல் போகும். மறுநாள் காலை லுவான் கிம்ஹாவின் கடைக்குப் போனை எடுத்துவருவாள். கல்லில் ஒரு கண்ணும் போனில் ஒரு கண்ணுமாகக் கிம்ஹா படிப்பாள். "குளிருது, போர்த்திக்கோன்னு எழுதியிருக்கான். நீ என்னடி தூங்கற பூனையை அனுப்பி வெச்சிருக்க?"

"சரியாத்தானே இருக்கு. போர்த்திக்கிட்டுத் தூங்குது."

இப்படியே நாலு வருஷம் ஓடியது. 2017 இலையுதிர் காலத்தில் ஒருநாள், லுவான் இரவுச் சோற்றுக்குக் கீரை நறுக்கிக்கொண்டிருக்கும்போது யுன்செங்கிடமிருந்து செய்தி வந்தது. திரையை நிறைத்து, விரலால் தள்ளினாலும் கீழே போய்க்கொண்டே இருந்த நீளச் செய்தி. அவன் இவ்வளவு எழுதியதே இல்லை. லுவானின் வாழ்வில் கெட்ட செய்தி எப்போதும் சின்னதாகத்தான் வந்திருக்கிறது. புருஷன் போனதைச் சொன்ன போலீஸ்காரன் நாலு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. ஆகவே நீளமாக வந்தது நல்ல செய்தி. பதவி உயர்வு, அல்லது இரண்டாவது குழந்தை. பார்த்த குறி அவனுக்குப் போயிருக்கும். காக்கவைக்கக் கூடாது. இருப்பதிலேயே சந்தோஷமான பொம்மையாகத் தேடினாள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, வண்ணக் காகிதம் பறக்க, இடுப்பை ஆட்டும் கரடி. அனுப்பினாள். போதாதென்று இன்னொரு தடவையும் அனுப்பினாள்.

மறுநாள் கடையில் கூட்டம். கிம்ஹா போனை வாங்கி, "என்னடி கதைப் புத்தகம் மாதிரி..." என்று ஆரம்பித்தவள், சத்தமாகப் படிப்பதை நிறுத்திவிட்டாள். அடுப்பை அணைத்தாள். ஒரு வாடிக்கையாளர் "என் அடை?" என்றார். "இன்னிக்கி அடை கெடையாது" என்று சொல்லித் தங்கையைப் பாத்திரம் கழுவும் இடத்துக்குக் கூட்டிப்போய், முதலிலிருந்து மெதுவாகப் படித்தாள்.

அம்மா, அவ குழந்தையைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. ஆறு மாசம் ஆச்சு. உங்கிட்டச் சொல்ல வாய் வரல. வீடு காலியா இருக்கு, தூக்கம் இல்ல, வேலையில கை ஓட மாட்டேங்குது. ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. நீ தனியா என்னை வளத்தப்ப எப்படித்தான் இருந்தியோன்னு நெனைச்சுக்கறேன். கொஞ்ச நாள் அங்க வந்து உன்கூட இருக்கட்டுமா?

அதற்குக் கீழே இரண்டு கரடிகள் ஆடிக்கொண்டிருந்தன. தொட்டால் மறுபடி ஆடும் பொம்மை அது; கிம்ஹாவின் விரல் பட்டு மறுபடி ஆடியது.

"அதுல என்ன எழுதியிருக்கு?" என்றாள் லுவான். "கரடி வயித்துல."

"பிரமாதம்னு."

லுவான் சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று அவள் மகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எடுக்கவில்லை. குரலில் பேசி அனுப்பினாள். வீட்டுக்கு வா என்று கிம்ஹா எழுதித் தர, லுவானின் போனிலிருந்தே அது போயிற்று. பார்த்த குறி விழவில்லை. கடைசியில் கிம்ஹா தன் போனிலிருந்து, "அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசு" என்று எழுதினாள். சாயங்காலம் பதில் வந்தது: நான் நல்லா இருக்கேன் பெரியம்மா. அம்மாவும் ரொம்ப சந்தோஷமாத்தான் இருக்காங்க. அவங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்.

"நான் சொல்லிடறேன் லுவான். உங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுடா மடையான்னு ஒரே வரி. முடிஞ்சுது."

லுவான் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தறி ஓட்டிய கையின் பிடி, கிம்ஹாவுக்கு வலித்தது. "வேணாங்கா. முப்பது வருஷம் அவனை ஏமாத்தினது நான். நீ சொன்னா, சாக்கு சொல்றோம்னு நெனைப்பான். நான் எழுதணும். நானே எழுதினா அதைப் பாத்தே அவனுக்குப் புரியும்."

"எழுதக் கத்துக்கிட்டு எப்ப எழுதுவ? உனக்கு அறுபத்திரண்டு வயசு."

"சத்தியம் பண்ணு, சொல்ல மாட்டேன்னு."

கிம்ஹா சத்தியம் பண்ணினாள். காப்பாற்றவும் செய்தாள்.

ஊர் ஆரம்பப் பள்ளியில் பெரியவர்களுக்கென்று மாலை வகுப்பு நடந்தது. குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் வியட்நாமிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த சின்னப் பெண்கள். "ஆலைப் பாட்டி, கட்டத்தைத் தாண்டிக் கோடு போவுது" என்று அவர்கள் கேலி செய்வார்கள். "என் கோடு, எங்க வேணும்னாலும் போவும்" என்பாள் லுவான். ஒவ்வொன்றும் பல கோடுகளால் ஆன சீன எழுத்துகளை வீட்டில் போன் திரையில் விரலால் எழுதினாள். பாதி எழுதும்போதே போன் முழு எழுத்தையும் ஊகித்து வரிசையாக நீட்டியது, தொட்டால் போதும். காகிதம் அப்படி எதையும் நீட்டவில்லை. போனில் ஒரு வரி எழுதத் தெரிந்தபிறகும் பேனாவைப் பிடித்தால் அவளுக்குப் பாதி எழுத்தோடு கை நின்றுவிடும். அதற்காகவே வகுப்பைவிட்டு அவள் நிற்கவில்லை.

ஒரு வருஷத்துக்குப் பின் அவளே மகனுக்கு எழுத ஆரம்பித்தாள். முதல் செய்தியை அனுப்பிவிட்டுத்தான் கிம்ஹாவிடம் காட்டினாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அன்னிக்கித் தெரியாம கரடி. இப்பப் படிக்கிறேன். வா. கிம்ஹா அதைப் படித்துவிட்டுக் கல்லைத் துடைக்கப் போய்விட்டாள். துடைத்த கல்லையே துடைத்தாள். பிறகு தினமும் ஒரு வரி போயிற்று. இன்னிக்கி மழை. கீரை விலை. உன் பழைய சட்டை கெடச்சுது. எதிலும் பார்த்த குறி விழவில்லை. வேலை அதிகம் போலிருக்கு என்றாள் லுவான். புத்தாண்டுக்குக் கிம்ஹாவுக்கு மட்டும் அவனிடமிருந்து ஒரு வாழ்த்துப் படம் வந்தது. அவன் மட்டும் வரவில்லை.

அடுத்த இலையுதிர் பண்டிகைக்குக் கிம்ஹாவின் மகள் பெய்ரூ தைபேயிலிருந்து வந்திருந்தாள். பம்ப்ளிமாஸ் உரித்துக்கொண்டே சித்தியின் போனை வாங்கிப் பார்த்தவள், பழத்தைக் கீழே வைத்தாள்.

"சித்தி, இதெல்லாம் அண்ணனுக்குப் போகவே இல்ல."

"அனுப்பியிருக்கேனே. இதோ வரிசையா நிக்குதே."

"உன் பக்கம் நிக்கும். அவன் உன்னைத் தடுத்து வெச்சிருக்கான். நீ என்ன அனுப்பினாலும் அவன் போனுக்கு வராது. ஒரு பட்டன்தான். எல்லாரும் பண்றதுதான் சித்தி, கோவத்துல பண்ணிட்டு மறந்துடுவாங்க."

"அப்ப அவன் எதையுமே படிக்கல."

"இல்ல."

"கரடிக்கு அப்புறம் ஒண்ணுமே."

"என் போன்லேருந்து போடு சித்தி, இப்பவே." லுவான் தலையை ஆட்டினாள். "நேர்ல போறேன்" என்றாள். "கதவுக்குப் பட்டன் கெடையாதில்ல."

அக்காவும் தங்கையுமாக ஒரு சனிக்கிழமை சிஞ்சுவுக்கு ரயிலேறினார்கள். முன்பெல்லாம் யுன்செங்குக்குப் பார்சல் அனுப்பி அனுப்பிக் கிம்ஹாவுக்கு விலாசம் மனப்பாடம். பதினான்கு மாடிக் கட்டடம். உள்ளே பளிங்குத் தரை, மேசைக்குப் பின்னால் நரைத்த மீசைக் காவலாளி.

"வர்றவங்க பேர் எழுதணும்மா. எழுதாம லிஃப்ட் தொறக்காது." வருகைப் பதிவைத் தள்ளினான்.

கிம்ஹா வழக்கம்போல் பேனாவுக்குக் கை நீட்டினாள். லுவான் அதற்குள் எடுத்துவிட்டாள். குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூன்று சீன எழுத்தில் தன் பெயரை எழுதினாள். கட்டத்தைத் தாண்டாமல் எழுத அவ்வளவு நேரமாயிற்று; பின்னால் உணவு கொண்டுவந்த பையன் ஹெல்மெட்டோடு காலை மாற்றி மாற்றி நின்றான். உறவு என்ற கட்டத்தில், தாய் என்று எழுதினாள்.

காவலாளி வீட்டு எண்ணைப் பார்த்தான். பதிவைப் பார்த்தான். லுவானைப் பார்த்தான். "அம்மா, அந்த வீட்டுல வாடகைக்கு வேற குடும்பம்ல இருக்கு? உங்க புள்ள ஜெர்மனிக்கு மாத்தலாகி வசந்தத்துலயே போயிட்டாரே. உங்களுக்குச் சொல்லலியா?"

லுவான் பேனாவை மேசையில் வைத்தாள். அவனுக்கே சங்கடமாகிவிட்டது. "கட்டடத்துக்காரங்க குரூப்ல இன்னும் இருக்காரு. தனியா ஒரு மெசேஜ் போட்டுப் பாக்கட்டுமா? என்னன்னு எழுத?"

"ஒண்ணும் எழுத வேணாம்" என்றாள் லுவான். "இந்தப் பக்கத்தைப் படம் புடிச்சு அனுப்புங்க. போதும்."

அவன் படம் பிடித்து அனுப்பினான். மூன்று பேரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சற்று நேரத்தில் படத்துக்குப் பக்கத்தில் பார்த்த குறி விழுந்தது.

"பாத்துட்டாரு!" என்றான் காவலாளி, தன் வீட்டுச் செய்தி போல.

சோபாவில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தான். அடிக்கொருதரம் போனை எடுத்துப் பார்த்தான். "அங்க இப்பத்தான் விடிஞ்சிருக்கும். தூக்கக் கலக்கமா இருக்கும்" என்றான். தேநீர் ஆறிப்போயிற்று. கண்ணாடிக் கதவுக்கு வெளியே தெருவிளக்கு எரிய ஆரம்பித்தது. பதில் இல்லை.

கிம்ஹாவுக்குப் பொறுக்கவில்லை. "அதைப் பாத்தப்புறமும் ஒரு வரி போட அவனுக்குக் கை வராதா?"

"திட்டாதக்கா" என்றாள் லுவான். "அன்னிக்கி அவனும் இப்படித்தான் போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான்."

ரயிலுக்கு நேரமாயிற்று. கிளம்புமுன் கிம்ஹா மேசைக்குப் போய், அந்தப் பதிவை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று கேட்டாள். லின் சியூலுவான், தங்கையின் முழுப் பெயர். ஒரு கோடு விடுபடவில்லை. பெயருக்கு எதிரே தேதியைக் காவலாளி போட்டிருந்தான்: 2019 நவம்பர் 23.