நீளக் குழலா, கட்டைக் குழலா?

சிநேகிதிகளே, மோட்டார் சாமானைப் பற்றி உங்கள் எல்லாருக்கும் சுற்றுக்கடிதம் எழுதுவதற்கு மன்னியுங்கள்.

அண்ணா தன் பழைய காரைத் திருத்தி, ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் நடக்கும் கார் ஓட்டப் போட்டிக்குக் கொண்டுபோகிறார். கார்பரேட்டர் இரண்டின் வாயிலும் பூட்ட, காற்றை இழுக்கும் குழல்கள் வேண்டும். இன்று கொட்டாஞ்சேனையில் ஒரு மோட்டார் சாமான் கடைக்கு என்னையும் அழைத்துப் போனார்.

"ரெண்டு சாதி இரிக்கி. நீளம், கட்டை. எது வேணும்?" என்றார் முதலாளி.

"தங்கச்சி பி.ஏ. பாஸ் பண்ணினவ. அவ சொல்லுவா," என்றார் அண்ணா. ஐந்தாம் வகுப்போடு நின்று என்னைப் படிக்க வைத்தவர்.

முதலாளி இங்கிலீஷ் விலைப்புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். சொற்களெல்லாம் விளங்கின, விஷயம் விளங்கவில்லை. நீளக் குழல் இழுவைக்காம், கட்டைக் குழல் வேகத்துக்காம்.

"மேட்டில வேகமா ஓடுறதெண்டால்?" என்று மெல்லக் கேட்டேன்.

"அதத்தானே புள்ள நான் ஒங்ககிட்ட கேக்கிறன்!" என்றார் முதலாளி.

அண்ணா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நீளமானதைக் காட்டினேன். அது பார்வைக்கு அழகாக இருந்தது; வேறு காரணம் இல்லை.

"நான் சொன்னனான்தானே!" என்று அண்ணா முதலாளியிடம் பெருமையாகச் சிரித்தார்.

இப்போது வெள்ளவத்தையில், எங்கள் முற்றத்தில், சீட்டியடித்தபடி அந்தக் குழல்களைப் பூட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு எட்டிப் பார்க்கவே தைரியமில்லை.

உங்கள் வீடுகளில் மோட்டார் தெரிந்தவர் யாராவது இருந்தால், எது சரியென்று கேட்டுச் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். பதிலைத் தயவுசெய்து இங்கிலீஷில் எழுதுங்கள். அண்ணா கடிதத்தைப் பிரித்தாலும், வாசித்துச் சொல்லென்று என்னிடம்தான் தருவார்.