எதிர் வீட்டு வெள்ளை மணல்

ஓரகத்தி சிவரஞ்சனியின் வீட்டுக்கு மீன் தொட்டி வந்த நாளிலிருந்து சுதாராணிக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

ஏற்காடு ஏரிச் சாலையில் மிளகும் காப்பித்தூளும் விற்கிற சின்னக் கடை சுதாராணியுடையது. சுற்றுலா வருகிறவர்களிடம் நாளெல்லாம் சிரித்துப் பேசுகிற வாய், சாயங்காலம் வீட்டு வாசலுக்கு வந்ததும் இறுகிக்கொள்ளும். எதிர் வாசல்தான் கொழுந்தன் வீடு. திறந்த கதவு வழியே அந்தத் தொட்டி தெரியும். அடியில் பால் போல வெள்ளை மணல், மேலே நீல விளக்கு, நடுவில் மிதக்கும் தங்கமீன்கள்.

போன வருடம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குச் சேலத்திலிருந்து வந்த நாத்தனார் தனலட்சுமி, வழக்கம்போல மூத்தவள் வீட்டில் பெட்டியை வைக்கவில்லை. பிள்ளைகள் மீனை விட்டு நகர மாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லி சிவரஞ்சனி வீட்டிலேயே தங்கிவிட்டாள். சுதாராணி ஆக்கி வைத்தது அப்படியே ஆறிப்போனது. மறுநாள் காலையில் மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றும்போது அவள் கண்ணீரும் சேர்ந்து விழுந்தது. இந்த வருடமும் அப்படி நடந்தால் மூத்த மருமகள் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமே இல்லை என்று அன்றைக்கே மனதுக்குள் முடிவு கட்டிவிட்டாள்.

ஜீப் ஓட்டுகிற கணவன் பாலகுமாரை நச்சரித்து நச்சரித்து, புதுப்பித்துக் கட்டுகிற ஒரு விடுதியிலிருந்து ஆறடித் தொட்டியை மலிவாக வாங்க வைத்தாள். ஆட்கள் அதைத் தூக்கி வந்தபோது, எதிர் வீட்டுக் கதவு திறந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தாள்.

அடியில் எதைப் போடுவது என்பதில்தான் சிக்கல் வந்தது. சேலத்து மீன் கடையில் வெள்ளை மணலைச் சின்னச் சின்னப் பையில் விற்றார்கள். அவ்வளவு நீளத் தொட்டிக்கு இரண்டு விரல் உயரம் பரப்ப என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு, பாலகுமார் நேராகப் போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டான். குளியலறை கட்டியபோது மிஞ்சிய ஆற்று மணல் வீட்டுக்குப் பின்னால் மூட்டையாகக் கிடக்கிறது, அதைக் கழுவிப் போடலாமே என்று மலை ஏறும்போது சொன்னான்.

“ஏனுங்க, அவ ஊட்டுல வெள்ளையா மின்னும், நம்மூட்டுல சேத்து நெறத்துல கெடக்குமா? சேலத்து அண்ணி பாத்தா என்னங்க நெனைப்பாங்க?”

“மீனு உன்னய மாதிரி எதிர் ஊட்டையே பாத்துட்டு இருக்காது புள்ள.”

சுதாராணிக்கு அது காதிலேயே விழவில்லை. அவள் மனம் வெள்ளைக்கல்லில் நின்றது. அடிவாரத்துப் பக்கம் பங்களாத் தோட்டங்களுக்காக வெள்ளைக்கல்லை உடைத்துச் சல்லியாக விற்பார்கள். விலையும் கையைக் கடிக்காது. எதிர் வீட்டு மணலைவிட இது பளிச்சென்று இருக்கும் என்று மூட்டை மூட்டையாக ஏற்றி வந்தாள்.

முதலில் தண்ணீர் மோராகிப் போனது. கல்லை மறுபடி அள்ளிக் கழுவிப் போட்டாள். தெளிந்ததும் தங்கமீன்களை விட்டாள். கல் மின்னியது. வாசல் கதவை வேண்டுமென்றே அகலத் திறந்து வைத்தாள்.

தங்கமீனின் பிழைப்பே அடியைக் கிளறி வாயில் அள்ளித் துப்புவதுதான். மணல் என்றால் துப்பிவிடும். திருவிழா நெருங்கிய ஒரு காலையில், இருப்பதிலேயே பெரிய மீன் வாயைப் பிளந்தபடி மூலையில் நின்றது. இரை போட்டும் வரவில்லை. பிடிக்கப் போனால் துள்ளி நழுவியது. பாலகுமார் சவாரிக்குப் போயிருந்தான். மீனைப் பற்றித் தெரிந்தவள் அந்தத் தெருவில் ஒருத்திதான். அவள் வாசலை மிதிக்கச் சுதாராணியின் கால் கூசியது. ஆனாலும் போனாள்.

சிவரஞ்சனி உடனே வந்து, கையை நனைத்துக்கொண்டு மீனை எடுத்தாள். தலைகீழாகச் சாய்த்து, தொண்டைக்குக் கீழே விரல் நுனியால் மெதுவாக அழுத்தினாள். வெள்ளைச் சல்லி ஒன்று வாளிக்குள் விழுந்தது.

“மொளகு பருமன் இருந்தாலே இதுக வாயில சிக்கிக்குமுங்கக்கா. அதும் இது கூரான கல்லு. சாதா மணலே போதுமுங்க.”

குரலில் துளி கேலி இல்லை. குத்திக் காட்டியிருந்தால் சண்டை போடவாவது ஒரு வழி கிடைத்திருக்கும். தன் கைக்குப் பிடிபடாமல் துள்ளிய மீன் அவள் கையில் குழந்தை மாதிரி கிடந்ததே, அதைத்தான் சுதாராணியால் தாங்க முடியவில்லை.

அன்றைக்கே கல்லை அள்ளி வெளியே கொட்டினாள். கடையில் மிளகு சலிக்கிற சல்லடையை எடுத்து வந்து ஆற்று மணலைச் சலித்தாள். மேலே நின்ற பொடிக்கல்லை வீசினாள். கீழே விழுந்ததைக் கழுவு நீர் தெளியும்வரை அலசிப் பரப்பினாள். தவிட்டு நிறத் தரையைப் பார்க்க அழுகைதான் வந்தது. ஆனால் விளக்கைப் போட்டதும் அந்தத் தரைக்கு மேல் மீன்கள் தணல் போலக் கனன்றன. எட்டி எதிர் வீட்டைப் பார்த்தாள். வெள்ளை மணலில் அங்கே மீன்கள் வெளுத்துத் தெரிந்தன. ஒரு வருடத்துக்குப் பிறகு அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

திருவிழாவுக்குத் தனலட்சுமி வந்தாள். பிள்ளைகள் ஆறடித் தொட்டியில் முகத்தைப் பதித்துக்கொண்டு நகரவில்லை. பெட்டி சுதாராணி வீட்டிலேயே இறங்கியது. தனலட்சுமியின் பின்னால் அவள் மாமியார் வீட்டுச் சனமும் வந்தது. விடிந்ததிலிருந்து அடுப்பு அணையவில்லை. மீன் எந்தப் பக்கம் நீந்துகிறது என்று பார்க்கக்கூடச் சுதாராணிக்கு நேரம் இல்லை.

ஜன்னலுக்கு வெளியே சிவரஞ்சனி புதுச்சேலையில், தலை நிறையப் பூவோடு, புருஷனுடன் கோயிலுக்குக் கிளம்பி நின்றாள்.

“அக்கா, இந்த வருசந்தானுங்க நான் சாமிய நின்னு கும்புடப் போறேன். போன வருசம் பூராவும் அடுப்படியிலயே போச்சுங்க. நீங்க நல்லா இருக்கோணும்.”

மனதார வாழ்த்திவிட்டு, புருஷன் ஏதோ சொன்னதற்குச் சிரித்துக்கொண்டே நடந்தாள். உள்ளே யாரோ இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்கள். சுதாராணி கரண்டியோடு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, அந்தச் சேலைத் தலைப்பு சாலைத் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். வயிறு எரிந்தது, போன வருடத்தைவிடக் கூடுதலாகவே.