கடற்கரையில் ஐந்து தோட்டா

கதை விடுகிறான் என்று நினைப்பவர் இப்போதே எழுந்து போகலாம். என் மூத்த மகனே நம்பவில்லை, அந்த எருமை. ஆனால் கயிறு தொங்கியது என் கழுத்துக்கு முன்னால். பார்த்ததும் நான்தான்.

1952, புரட்டாசி. அவசரகாலம், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட நேரம். சுவா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் ஸ்பெஷல் கான்ஸ்டபிள். ஒரு ஞாயிறு காலை, போர்ட்டிக்சன் கடலில் குளிக்கப் போன துரை குடும்பத்துக்குக் காவல் போனேன். பையைக் கரையில் வைத்துவிட்டு நானும் ஒரு முழுக்குப் போட்டேன். தோட்டத்துக்குத் திரும்பிப் பையைத் திறந்தால் எனக்குக் கொடுத்திருந்த ஐந்து தோட்டாவையும் காணோம்!

தொலைத்தேன் என்றால் எவன் நம்புவான்? காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுக்குக் கொடுத்தாய் என்பார்கள். அதற்குத் தூக்கு. மறுநாள் காலை ஏழு மணிக்குத் தோட்டா எண்ணுவார்கள். மனைவி நீலாவதியோ அன்று காலை முதல் பஸ்ஸில் மந்தினுக்கு, தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். கட்டிக்கொண்டு அழக்கூட ஆள் இல்லை.

சிநேகிதன் மணியத்துக்குப் பட்டாள முகாம் ஸ்டோரில் வேலை. காலில் விழாத குறை. கண்ணிவெடி தேடும் கருவி ஒன்றைக் கோணியில் சுற்றித் தந்தான். நீளக் கம்பு, நுனியில் தட்டு, காதுக்கு ஹெட்போன். மண்ணுக்குள் இரும்போ பித்தளையோ இருந்தால் காதில் கத்தும்.

“ஏழு மணிக்கு ஊரடங்கு. அதுக்குள்ள கொண்டாந்துரு லா. இல்லாட்டி ரெண்டு பேருக்கும் களிதான்.”

மாலை 5.10. கடற்கரையில் ஈ காக்கை இல்லை. என் பூட்ஸ் ஆணிக்கே கருவி கத்தியது. கழற்றித் தூர வைத்தேன்.

கீய்ங்... தோண்டினேன். ஒரு சதுரக் காசு. கீய்ங்... சோடா மூடி. கீய்ங்... மறுபடி காசு. வேறு நாளென்றால் மடியில் முடிந்திருப்பேன். அன்று கடலில் விட்டெறிந்தேன். முருகா, காசா கேட்டேன் உன்னிடம்?

6.15. காசு... காசு... காசு. வாய்விட்டு அழுதேன்.

6.25. நிமிர்ந்தேன். பத்தடியில் ஒருவன். என்னைப் போலவே கான்ஸ்டபிள் காக்கி. குனிந்து, பூட்ஸ் காலால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான்.

“என்னண்ணே தேடுறீங்க?”

“நீ தேடுறதத்தான்.”

ஹெட்போன் காதை அடைத்திருந்தது. அலைச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. அவன் குரல் மட்டும் கேட்டது...

“இங்க வா. இங்க பாரு.”

தட்டு அவன் பூட்ஸை உரசியது. ஆணி அடித்த பூட்ஸ்.

சத்தமே இல்லை.

ஓரடி தள்ளினேன்.

கீஈஈய்ங்...

கையாலேயே தோண்டினேன். ஐந்து தோட்டா! காலையில் தொலைந்தவை... அதற்குள் களிம்பேறிப் பச்சை பிடித்திருந்தன.

“அஞ்சும் இருக்கா?”

“இருக்குண்ணே!”

“அப்ப நான் போலாம்.”

தலை தூக்கினேன்.

யாரும் இல்லை.

மணலில் என் வெறுங்கால் தடம் மட்டும்...

ஓடினேன்.

ஏழுக்குள் கருவியை மணியத்திடம் சேர்த்துவிட்டு, இரவெல்லாம் புளியும் சாம்பலும் போட்டுத் தோட்டாக்களைத் தேய்த்தேன். காலையில் எண்ணினார்கள். சரியாக இருந்தது. உயிர் வந்தது.

மாலையில் நீலாவதி திரும்பினாள். நடந்ததைச் சொன்னேன். அவள் மாரியம்மன் படத்துக்குப் பின்னால் கையை விட்டாள். ஐந்து தோட்டா. ஒவ்வொன்றிலும் குங்குமப் பொட்டு.

“சனிக்கிழம ஆயுத பூசைங்க. நீங்க தூங்கிட்டீங்க. என் பால்வெட்டுக் கத்தியோட இதையும் வெச்சுக் கும்பிட்டேன். காலைல எடுத்துப் பையில போடணும்னு இருந்தேன்... பஸ்ஸுக்கு ஓடுன அவசரத்துல மறந்துட்டேன்.”

அடிப்பாவி! என்னுடையது வீட்டிலேயே இருந்திருக்கிறது. அப்படியானால் நான் தோண்டி எடுத்தது யாருடையது?

மணியத்திடம் ஓடினேன். அந்த ஆளின் முகத்தைச் சொன்னேன்.

“பக்கத்துத் தோட்டத்து சந்திரன் அது. அதே கடற்கரையில அஞ்சு தோட்டாவத் தொலைச்சான். கம்யூனிஸ்டுக்குக் குடுத்துட்டான்னு உள்ள வெச்சாங்க. ‘ஒரே ஒருக்கா என்னத் தேட விடுங்க, தேடி எடுத்துட்டா போலாம்ல’ன்னு ராப்பகலாக் கெஞ்சினான். யாரும் விடல. உள்ளயே தொங்கிட்டான். மூணு மாசமாச்சு.”