ஐந்து நிமிட நடை

என் மனைவிக்குப் பக்கவாட்டுப் பார்வை மங்கியதும், இனி ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மந்தைவெளியில் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. காய்கறிக் கடை, கோயில், பஸ் ஸ்டாப் எல்லாவற்றுக்கும் நடந்தே போய் வருவாள்.

வீட்டுக்காரர் கட்டடத்தை இடிக்கப் போவதாகச் சொன்னதால், மேடவாக்கத்தைத் தாண்டி ஒரு ஃபிளாட் பார்க்கப் போனேன். "கடை, பஸ் ஸ்டாப் எல்லாம் அஞ்சே நிமிஷம் சார்" என்றார் புரோக்கர். கார் ஏசியில் உட்கார்ந்தபடியே தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஒன்றுதான் கேட்டாள். "கடை வரைக்கும் நடந்து பாத்தீங்களா?"

"பாத்தேன், நல்லா இருக்கு."

பொய். வெயிலில் இறங்கச் சோம்பல், அவ்வளவுதான்.

குடிபோன மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள். அரை மணி நேரத்தில் ஓர் ஆட்டோக்காரர் அவளைக் கொண்டுவந்து கேட்டில் இறக்கிவிட்டார்.

"லாரிங்களுக்கு நடுவுல மாட்டிக்கினு நின்னாங்க சார். அந்த ரோட்ல பிளாட்பாரமே கெடையாது. தனியா அனுப்பாதீங்க" என்றவர், காசு வாங்காமலேயே போய்விட்டார்.

அவள் காலெல்லாம் புழுதி. என்னைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எனக்குத்தான் கண்ணு தெரியல போல. நீங்க எந்தப் பக்கமா நடந்து போனீங்க?" என்று கேட்டாள்.

அவள் கையிலிருந்த காலிப் பையை வாங்கிக்கொண்டேன்.

இப்போது எங்கே போவதென்றாலும் நான்தான் காரில் கூட்டிப் போகிறேன். உண்மையை மட்டும் இன்னும் சொல்லவில்லை. அவள் இன்றும் தன் கண்ணைத்தான் நொந்துகொள்கிறாள்.